மகேஸ்வரி கேட்டில் வைத்த முகங்கள்

புதிதாகப் பிசியோதெரபித் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்கு பயோஃபீட்பேக் மெஷினைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெஷினைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அதோடு ஒரு புத்தகம் வரும், படித்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் பட்டையை ஒட்டினால், தோலுக்கு அடியில் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் திரையில் ஒரு கோடாகக் காட்டும். தசை இழுத்தால் கோடு ஏறும், விட்டால் இறங்கும். முகவாதம் வந்தவர்களுக்குத் தன் முகம் என்ன செய்கிறது என்று தனக்கே தெரியாது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவ்வளவுதான் மெஷின். நான் ரிடையர் ஆனபோது எங்களிடம் இருந்ததற்கும் இப்போது உங்கள் மேஜையில் பளபளவென்று இருப்பதற்கும் கலர்தான் வித்தியாசம் என்று கேள்விப்பட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. நன்றாகக் குணமாகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை இதே மெஷின் முன்னால் உட்கார வைத்து, "இன்னும் கொஞ்சம் கோணலா வரணும்மா, பத்தலை" என்று நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். அதைச் செய்ததற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

அவள் பெயர் மகேஸ்வரி. தர்மபுரிப் பக்கத்துப் பெண். பொம்மனஹள்ளியில் வாடகை வீடு. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிற வேலை. புருஷன் குமார் ஆட்டோ ஓட்டுகிறான். அந்த ஃபேக்டரி கேட்டில் ஒரு மெஷின் இருந்தது. முன்பெல்லாம் கட்டைவிரல் வைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது மூஞ்சி வைக்கிறார்கள். அங்கே அப்படித்தான் பேச்சு, "ஏய், மூஞ்சி வெச்சிட்டியா?" என்று. மெஷின் முன்னால் போய் நின்றால் அது உங்கள் முகத்தை அடையாளம் கண்டு பச்சை விளக்கு காட்டும், கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் நீங்கள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். நீங்கள் அங்கேயேதான் நிற்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லாத விஷயம்.

ஒரு நாள் காலையில் மகேஸ்வரி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிவிட்டது. கண் மூடவில்லை, கன்னம் அசையவில்லை. நீங்களும் நானும் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். அவள் வேலைக்குப் போனாள். சொல்லாமல் லீவு போட்டால் அந்த ஃபேக்டரியில் கேட்கிற கேள்விக்கு முகவாதமே தேவலை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப நின்றாள், திரும்பவும் சிவப்பு.

கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர் முனிராஜ். சந்தாபுராக்காரர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். தினம் மகேஸ்வரியின் டிபன் பாக்ஸில் அவருக்கும் ஒரு கரண்டி புளிசாதம் உண்டு. அவர் எச்.ஆர். அதிகாரி பிரதீப்பைப் போய்க் கூட்டிவந்தார்.

"சார், இவங்க நம்ம மகேஸ்வரி சார். நனகெ கொத்து. எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரிஞ்சு என்ன முனிராஜ்? சிஸ்டத்துக்குத் தெரியணுமே," என்றார் பிரதீப்.

பிரதீப் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முடியும்வரை அவரைத் திட்டிக்கொண்டே இருப்பீர்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அங்கேயே அவளை நிற்க வைத்து, தொங்கிப்போன அந்த முகத்தையே புதிதாகப் பதிவு செய்துவிட்டார். பச்சை எரிந்தது. அவள் உள்ளே போய், மூடாத கண்ணில் பஞ்சுத் தூசி விழ விழ, நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு, சாயங்காலம் டாக்டரிடம் போனாள். அன்று தான் செய்த உதவியைப் பற்றிப் பிரதீப் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் நிஜமான அடி விழுந்தது. அடுத்த சில வாரத்திலேயே குமாரின் அம்மா இறந்துபோனார். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டுதல். மகேஸ்வரி அந்த உடம்பின் மேல் விழுந்து கதறியிருக்கிறாள். ஆனால் பாதி முகம் செத்துக் கிடக்கும்போது அழுதால் எப்படி இருக்கும் என்று நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். நல்ல பக்கம் மட்டும் மேலே இழுத்துக்கொள்ளும். இடது பக்கம் தேமே என்று இருக்கும். பார்க்கிறவருக்கு அது அழுகையாகத் தெரியாது, நக்கலாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும். குமாரின் அக்கா சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் கையை நீட்டி, "பாருங்க, எங்கம்மா செத்ததுக்கு இவ சிரிக்கிறா பாருங்க" என்று கத்திவிட்டாள். அதோடு அந்த வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

எங்களிடம் வரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: எதற்காக வந்திருக்கிறீர்கள்? முகம் சரியாக வேண்டும் என்று சொன்னால் விடமாட்டேன். சரியான முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பேன். காபி சிந்தாமல் குடிக்க வேண்டும் என்பார்கள். பையன் கல்யாணத்தில் போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும் என்பார்கள். டாக்டர் அனுப்பி எங்களிடம் வந்த மகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "மேடம், எனக்கு ஒழுங்கா அழணும்."

நான் அதை அப்படியே அவள் கார்டில் எழுதினேன். நோக்கம்: அழுகை. என் கூட வேலை செய்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னை ஓட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால், மெஷினில் சிரிப்புக்கு ஒரு பாடம் இருந்தது, விசில் அடிக்க ஒன்று, கண் மூட ஒன்று. அழுகைக்கு எதுவும் இல்லை. "மெஷின்ல அழுகை இல்லம்மா, சிரிப்புதான் இருக்கு," என்றேன். ரேஷன் கடையில் நிற்கிறவள் மாதிரி, "பரவால்ல மேடம், இருக்கறதைக் குடுங்க," என்றாள்.

ஆரம்பித்தோம். குமார் சவாரியை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் கூடவே வருவான். திரையில் கோடு லேசாக ஏறினால் போதும், "ஏறுது! ஏறுது! விடாதே மகேஸ், அடி, சிக்ஸ்!" என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவான். அவளும் அவனுக்காகப் பல்லைக் கடித்து முக்குவாள். பிள்ளைகளா, முகத்துக்கு முக்கல் ஆகவே ஆகாது. முக்கினால் கோடு ஏறும், முகம் கெடும். தாடைத் தசை இழுப்பதைக் கன்னம் இழுப்பதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். நான் குமாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அவன் காரிடாரில் நின்று, "ஏறிச்சா மேடம்?" என்று கத்தினான். பக்கத்து அறையில் முழங்கால் வலிக்காரர் ஒருவர், "ஏறிச்சுப்பா, நீ சும்மா இரு" என்று பதில் சொன்னார்.

மெதுவாக, சின்னச் சின்னதாக, அவள் முகம் வந்தது. வாய்க்கோணல் நிமிர்ந்தது. கண் மூடியது. ஒரு நாள் இடது கன்னம் தானாக மேலே போய் ஒரு சிரிப்பு வந்தது. குமார் அன்று என் காலில் விழப் போனான். நான் அதட்டி நிறுத்தினேன். கூடவே ஒரு தொந்தரவும் ஆரம்பித்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நரம்பு திரும்ப முளைக்கும்போது சிலருக்கு வழி மாறிவிடும். வாய்க்குப் போக வேண்டிய கட்டளை கண்ணுக்கும் சேர்ந்து போகும். சாப்பிட வாயை அசைத்தால் கண் தானாகச் சுருங்கும், சிரித்தால் மூடிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் இழுப்பது இல்லை, விடுவது. அந்தப் பக்கத்தைத் தளர்த்தி, அமைதியாக வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. எந்த நோயாளியும் செய்யமாட்டார். மாதக்கணக்கில் தொங்கிக் கிடந்த முகம் இப்போதுதான் அசைகிறது, அதைப் போய் விடு என்றால் யாருக்கு மனசு வரும்?

சிரிப்பு வந்த மறுநாள் மகேஸ்வரி புயல் மாதிரி உள்ளே வந்தாள்.

"என்ன மேடம் பண்ணிட்டீங்க?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"மெஷின் என்னைச் சேர்க்கமாட்டேங்குது! காலையில மூஞ்சி வெச்சேன், செவப்பு. மூஞ்சி நல்லாயிடுச்சாம், நான் யாருன்னு அதுக்குத் தெரியலையாம். கொஞ்சம் கம்மி பண்ணுங்க மேடம்!"

குணமாகவில்லை என்று என் சர்வீஸில் எத்தனையோ பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். குணமானதைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள் என்று வந்தவள் இவள் ஒருத்திதான்.

பிரதீப்புக்குப் போன் போட்டேன். முகம் சரியாகிவிட்டது, மறுபடி பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன்.

"ஆகல்ல மேடம், முடியாது. ஒரு தடவை மாத்தியாச்சு. இனிமே ஹெட் ஆபீஸ் பர்மிஷன் வேணும். டாக்டரோ தெரபிஸ்டோ லெட்டர் குடுத்தா கேட்டுப் பாக்கலாம்."

"குணமாயிட்டு வர்றாங்கன்னு லெட்டர் தர்றேன்."

"அது வேணாம் மேடம். இதுதான் ஃபைனல் முகம், இனிமே மாறாதுன்னு எழுதணும். மாறிட்டே இருந்தா சிஸ்டம் ஒப்பல்ல."

"சார், உங்க முகம் ஃபைனலா?" என்றேன்.

 "ஏன் மாட்லி மேடம், நான் என்ன பண்ணட்டும்? தொடர்ந்து மூணு நாள் சிவப்பு எரிஞ்சா சிஸ்டமே பேரை எடுத்துடும். நாங்க எடுக்கறது இல்ல," என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். அன்றோடு ஒரு நாள் போய்விட்டது.

குமார் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரு கையெழுத்துதானே மேடம். ஃபைனல்னு போட்டுடுங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." எனக்கும் பேனாவை எடுக்கக் கை போனது. ஆனால் ஃபைனல் என்று நான் எழுதினால், இனி முன்னேற வழியில்லை என்று அர்த்தம். அந்த நிமிஷமே காப்பீட்டில் அவள் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். கண் சுருங்குவது அப்படியே தங்கிவிடும். அழுகை என்று நான் கார்டில் எழுதி வைத்தது? அவள் இன்னும் எங்கே அழுதாள்? எழுதாவிட்டால் வேலை போகும். நான் பேனாவை மூடி வைத்தேன், ஆனால் மனசுக்குள் பதறிக்கொண்டுதான் இருந்தேன்.

மகேஸ்வரிதான் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். எங்களிடம் வருபவர்களிடம் பழைய போட்டோ கொண்டுவரச் சொல்வோம், கல்யாணத்தில் எடுத்தது, சுற்றுலாவில் எடுத்தது, எந்தச் சிரிப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பார்ப்பதற்கு. இவள் காட்டியது மெஷினில் பதிவாகியிருந்த தொங்கல் முகம். முனிராஜ் தன் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

"மெஷின் மாறாது. நீங்க லெட்டர் தரமாட்டீங்க. அப்போ நான்தான் மாறணும். இந்த மூஞ்சியை எப்படி வெக்கிறதுன்னு சொல்லிக்குடுங்க மேடம். கேட்டுல வெச்சிட்டு உள்ள போனதும் எடுத்துடறேன்."

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அந்தப் போட்டோவைப் பார்த்தேன். அதில் இரண்டு வேலை நடக்கிறது. இடது பக்கம் எல்லாத்தையும் விட்டுவிட்டுக் கிடக்கிறது. வலது பக்கம் வாயைத் தன் பக்கம் இழுக்கிறது. வலது பக்கம் இழுப்பது கெட்ட பழக்கம், அதை நான் சொல்லித்தர முடியாது. ஆனால் இடது பக்கத்தை விடுவது? அதைத்தானே அய்யா நான் எல்லா நோயாளியிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்!

"பாதி சொல்லித்தர்றேன்," என்றேன். "வலது பக்கம் கை வெச்சேன்னா உதைப்பேன்."

அப்படித்தான் அந்தப் பயிற்சி நடந்தது. ஒரு பக்கம் திரை, ஒரு பக்கம் கண்ணாடி, நடுவில் நோய் வந்த நாளின் போட்டோ. கோடு கீழே போக வேண்டும். முதலில் போகவே இல்லை. விடு, விடு என்று சொல்லச் சொல்ல அவள் பயத்தில் இன்னும் இறுக்கினாள். பிறகு நான் கேட்டேன், "பஸ்ல நின்னுட்டே தூங்குவியா?" "மணிக்கணக்கா நிக்கிற சில்க் போர்டு சிக்னல்ல தூங்காதவங்க யாரு மேடம்?" "அந்த மாதிரி தூங்கு." கண்ணை லேசாகத் தாழ்த்தினாள். கன்னம் வழிந்தது. கோடு சர்ரென்று தரைக்கு வந்துவிட்டது.

குமார் உற்சாகம் தாங்காமல் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இறங்குது மேடம்! விழு மகேஸ், நல்லா விழு!" என்றான். "இன்னும் கொஞ்சம் கோணலா வரணும்மா, பத்தலை," என்றேன் நான். சரியாக அந்த நிமிஷத்தில்தான் எங்கள் துறைத் தலைவர் ஒரு ஆய்வுக் குழுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று பேர் கோட் போட்டுக்கொண்டு நின்றார்கள். அதில் ஒரு அம்மா, திரையையும் போட்டோவையும் மகேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது சிகிச்சைக்கு முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா?" என்று கேட்டார். "ரெண்டும்தான் மேடம்," என்றேன். தலைவர் முகம் போன போக்குக்கு எந்த மெஷினிலும் பாடம் கிடையாது. அவர்கள் போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன நடக்குது இங்கே?" என்றார். தசைத் தளர்வுப் பயிற்சி சார் என்றேன். பொய் இல்லையே.

மறுநாள் காலை குமார் போனில் நேரலை வர்ணனை கொடுத்தான். முதல் தடவை சிவப்பு. இரண்டாம் தடவையும் சிவப்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் "சீக்கிரம்மா" என்று கத்துகிறார்கள். முனிராஜ் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர் மாதிரி ஆணை கொடுக்கிறார்: "தலையை இந்தப் பக்கம் சாய்ங்க... இன்னும்... தாடையைக் கீழ... நில்லுங்க, மூச்சு விடாதீங்க... ஆயித்து!" பச்சை எரிந்துவிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டியது எனக்கே போனில் கேட்டது.

அதற்குப் பிறகு தினம் காலையில் இதே கூத்து. கேட்டில் நோயாளியாக நின்று, உள்ளே போனதும் முகத்தை எடுத்து ஒழுங்காக மாட்டிக்கொண்டு, மகேஸ்வரி காலர் தைத்தாள். நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. அவள் சாப்பிடும்போது கண் சுருங்குவது குறைய ஆரம்பித்தது. சிரித்தாலும் கண் திறந்தே இருந்தது. விடத் தெரிந்துகொண்டாள், அதுவும் நினைத்த மாத்திரத்தில். வீட்டில் பயிற்சி செய்தீர்களா என்று கேட்டால் எல்லா நோயாளியும் செய்தேன் என்பார்கள், எல்லாரும் புளுகுவார்கள். உங்களிடமும் புளுகுவார்கள், பழகிக்கொள்ளுங்கள். என் சர்வீஸில் ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்த ஒரே ஆள் மகேஸ்வரி. செய்யாவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்களே!

சில மாதம் கழித்து ஃபேக்டரியில் மெஷினையே மாற்றினார்கள். பழசு எங்கே வாங்கியதோ, புதுசும் அங்கேயேதான் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் புதிதாக மூஞ்சி பதிய வேண்டும். மகேஸ்வரியின் முறை வந்தது. கேமராவைப் பார்த்ததும் பழக்க தோஷம், அவள் முகம் தானாகத் தொங்கிவிட்டது.

"அய்யோ, அந்த மூஞ்சி பேடா! வேணாம்! சொந்த மூஞ்சி, சொந்த மூஞ்சியை வைங்க!" என்று முனிராஜ் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. மகேஸ்வரியும் வாய் திறந்து, பல் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தாள். கிளிக் ஆகிவிட்டது.

"சேவ் ஆயித்து," என்றார் பிரதீப். "இனிமே மாத்த முடியாது."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் சும்மா நின்றால் சிவப்பு. சம்பிரதாயத்துக்குப் பல்லைக் காட்டினாலும் சிவப்பு. நிஜமாகச் சிரித்தால்தான் கதவு திறக்கும். எங்கள் டிபார்ட்மென்டில் அத்தனை விலைக்கு வாங்கிய மெஷினுக்கு நிஜச் சிரிப்பும் போலிச் சிரிப்பும் ஒன்றுதான். இந்த ஃபேக்டரி கேட் எப்படியோ அதைக் கண்டுபிடித்துவிட்டது. அவளைச் சிரிக்க வைப்பது முனிராஜின் டியூட்டி ஆகிவிட்டது. ஒரு நாள் பிரதீப் நடப்பது போல நடந்து காட்டுவார். ஒரு நாள் தன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு சல்யூட் அடிப்பார். அது பழசாகிவிட்டால் புதுசு யோசிக்க வேண்டும் என்று ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறாராம்.

என்னைப் பொறுத்தவரை கேஸை முடித்திருக்கலாம். சிரிப்பு சரி, கண் சரி, வாய் சரி. துறைத் தலைவரும் நெருக்கினார். நான் முடிக்கவில்லை. கார்டில் அழுகை என்று எழுதியிருந்ததே. "அழுது பாத்தியாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "எங்க மேடம், கேட்டுல சிரிச்சு சிரிச்சே பொழுது போவுது," என்பாள். ஒரு தடவை குமார் பையில் நாலு வெங்காயம் கொண்டுவந்து பயிற்சி மேஜையில் வைத்து நறுக்கினான். மகேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, எனக்கும் கொட்டியது, முழங்கால் வலிக்காரருக்கும் கொட்டியது. ஆனால் அவள் முகம் அழவில்லை. தண்ணீர் வேறு, அழுகை வேறு. நாத்தனார் அப்போதும் வீட்டுக்கு வரவில்லை. அவள் குழந்தைக்குக் காது குத்து வந்தது, இவர்களுக்குச் சொல்லவில்லை. சிரிப்பு எவ்வளவு நன்றாக வந்து என்ன? மகேஸ்வரி ஒரு தடவை சாவு வீட்டில் சிரித்தவளாகவே அந்தக் குடும்பத்தில் இருந்தாள். அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும், ஆனால் அழு என்று யாரையும் அழ வைக்க முடியுமா?

அப்புறம் ஒரு காலை நேரம். நான் அன்றைக்கு முதல் நோயாளிக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன். பிரதீப் போன் செய்தார்.

"மேடம், மறுபடி உங்க பேஷன்ட். சிவப்பு எரியுது. இன்னைக்கு என்ன பிராப்ளம்னு தெரியல."

"முனிராஜ் எங்கே? அவரைச் சிரிக்க வைக்கச் சொல்லுங்க."

"முனிராஜுக்கு இன்னைக்கு லாஸ்ட் டே மேடம். கேட்டுல மெஷின் இருக்கறப்போ ஆள் எதுக்குன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. சொன்னதுலேருந்து இவங்க அழுதுட்டிருக்காங்க. முனிராஜ் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டாரு. என்னை மாதிரி நடந்துகூடக் காட்டிட்டாரு, என் முன்னாடியே. அவரு பண்ணப் பண்ண இவங்க இன்னும் ஜாஸ்தியா அழுறாங்க. பின்னாடி லைன் ரோடு வரைக்கும் நிக்குது. நீங்க ஏதாவது சொல்லி நிறுத்துங்க மேடம்."

என் கையில் இருந்த பட்டை கீழே விழுந்துவிட்டது.

"சார், நிறுத்தாதீங்க! யாரும் நிறுத்தாதீங்க. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

"மெஷின் சிவப்பு காட்டுது மேடம், அதான் சொன்னேனே."

"மெஷினை விடுங்க. நீங்க பாருங்க. எந்தப் பக்கம் அழுவுது?"

"எந்தப் பக்கம்னா?"

"சார், கிட்டப் போய் நின்னு பாருங்க சார், புண்ணியமாப் போகும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் நடப்பது தெரிந்தது. வண்டிச் சத்தம், ஹாரன், பெண்களின் குரல். நடுவில் முனிராஜ், "அழாதீங்கம்மா, புளிசாதம் கொண்டாந்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று கேட்கிறார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. அதையெல்லாம் மீறி, அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்ட குமாரின் கத்தல் கேட்டது.

"அவங்க ஹஸ்பெண்ட் யாருக்கோ வீடியோ கால் போட்டுக் காட்டிட்டிருக்காரு மேடம்," என்றார் பிரதீப், குழம்பிப்போய்.

"அக்கா, நல்லாப் பாருக்கா! இதான் அவ அழுவுற மூஞ்சி! அம்மாவுக்கும் இப்படித்தான்க்கா அழுதா, அன்னைக்கு மூஞ்சி வரலக்கா!"

அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மகேஸ்வரி விக்கி விக்கிச் சொன்னது கேட்டது: "வாங்க அண்ணி... ஞாயித்துக்கிழமை வாங்க..." நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பட்டை ஒட்டப் பாதியில் விட்ட நோயாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பாத்தீங்களா?"

இத்தனை மாதத்தில் அவர் அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும், மேடம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இடது பக்கம்?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் மேடம். புருவம், வாய், எல்லாம். சின்னக் குழந்தை மாதிரி அழுறாங்க." என்றார். "கதவை நானே திறந்துவிட்டுடறேன். சிஸ்டத்துல ஆப்சென்ட்னுதான் விழும், நான் எழுதிக் குடுத்துக்கறேன்." பிறகு, பழக்கம் விடவில்லை, "மேடம், அப்போ இதை ஃபைனல்னு போட்டுக்கலாமா?" என்றார்.

"போட்டுக்கோங்க சார்," என்றேன்.

போனை வைத்துவிட்டு மகேஸ்வரியின் கார்டை எடுத்து, அழுகை என்ற வார்த்தைக்கு எதிரே டிக் அடித்தேன். அதன் பிறகுதான் என் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்து, நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.